சேனலில் கேட்ட கயிறு

துறைமுகச் சிக்னல் கோபுரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதல் வாரத்திலேயே உங்களுக்குக் கண் சொக்கியிருக்கும். வெட்கப்பட வேண்டாம். மூன்று பக்கமும் கண்ணாடி, எதிரே மன்னார் வளைகுடா. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் கடலும் வானமும் ஒட்டிப்போய்க் கிடக்கும். நங்கூரமிட்ட கப்பல்கள் தண்ணீரைத் தொடாமல் ஒரு முழம் மேலே மிதப்பதுபோல் தெரியும். வெக்கை செய்கிற மாயம் அது. அந்தக் கப்பல்கள் எங்கேயோ கிளம்பிப்போக நினைத்து மறந்துவிட்டவை என்று எனக்குத் தோன்றும். ஓய்வு பெற்ற பிறகும் என் கனவில் அவை அப்படியேதான் வருகின்றன.

என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது இரைச்சல். அன்று எல்லா வயர்லெஸ் செட்டும் அனலாக். யாரும் பேசாத நேரத்தில் செட் இரையாமல் இருப்பதற்கென்று ஒரு திருகு உண்டு. அதை நான் முழுக்க அடைத்ததில்லை. சேனலில் ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ ஓடிக்கொண்டே இருக்கும். கூட வேலை பார்த்தவர்கள், “எக்கா, அத அடச்சுத் தொலைங்க, தலை வலிக்கி” என்று கத்துவார்கள். “தலை இருக்கவனுக்குத்தான் வலிக்கும், ஒனக்கு ஏன் வலிக்கி?” என்பேன். அடைக்கமாட்டேன்.

எனக்கு அந்த இரைச்சலுக்குள்தான் கடல் இருந்தது. காற்று விழுந்து, தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் கிடக்கும் சில பங்குனிப் பகல்களில், வழக்கமாக எட்டாத தூரத்துக் குரல்களெல்லாம் அதற்குள் மிதந்து வரும். அக்கரையில் யாரோ ஒரு சிங்கள மீனவன் வலை இழுத்துக்கொண்டே பாடுவான். மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் தோணியில் சமையற்காரனை எவனாவது வைதுகொண்டிருப்பான். நம்ம படகுக்காரன் எவனாவது பேசிக்கொண்டே வெளிக்கடலுக்குப் போகப் போக, குரலின் மேல் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மூடும். கண்ணை மூடியபடியே “முயல்தீவைத் தாண்டிட்டான்” என்று சொல்லிவிடுவேன். நிம்மதியான வேலை. சம்பளமும் கொடுத்தார்கள்.

பிறகு டிஜிட்டல் வந்தது. கப்பலோடு துறைமுகம் பேசுகிற செட் மட்டும் உலகம் முழுக்க இருப்பதுபோல அனலாக்காகவே இருந்தது. நமக்குள்ளே, அதாவது இழுவைப் படகு, ஜெட்டி, கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவர்கள், தண்ணீருக்குள் முங்குகிறவர்கள் எல்லாரோடும் பேசுகிற செட்டுகள் மாறிவிட்டன. அவற்றை நிறுவ வந்த இன்ஜினியர் முத்துக்குமார், உடன்குடிப் பக்கம். பொறுமைசாலி. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கோபப்படாமல் பதில் சொன்ன ஒரே இன்ஜினியர் அவர்தான்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. அனலாக்கில் உங்கள் குரலே அலையில் ஏறிப் போகிறது. வழியில் அடிபடும், தேயும், ஆனாலும் வந்து சேர்வது நீங்கள்தான். டிஜிட்டலில் குரல் இந்தப் பக்கமே எண்களாகிவிடுகிறது. எண்கள் போய்ச் சேர்ந்ததும், அந்தப் பக்கத்துச் செட் அவற்றை வைத்து உங்கள் குரலைப் புதிதாகச் செய்து கொடுக்கிறது. எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் காதுக்குள் வந்து பேசுவதுபோல் சுத்தமாகக் கேட்கும். எண்கள் போய்ச் சேரும் எல்லையைத் தாண்டிவிட்டால் குரல் உடையும், அதற்கும் அப்பால் ஒன்றுமே கேட்காது. நடுவில் அந்தத் தேய்மானம் கிடையாது. இன்னொன்றும் சொன்னார். அந்தச் செட்டுக்கு மனிதப் பேச்சை மட்டும்தான் செய்யத் தெரியும். பக்கத்தில் பெரிய இயந்திரம் ஓடினால் அந்தச் சத்தத்தையும் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் குழப்பி, வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஏதோ ஒன்றைக் கொடுக்கும்.

“அப்ப என் இரைச்சல்?” என்று கேட்டேன்.

“அது போச்சு மேடம். யாரும் பேசலன்னா சுத்தமா அமைதி. ஆனா யாரு பட்டன அமுக்குதாங்களோ அவங்க பேரு ஸ்கிரீன்ல வரும்.”

பேர் வருவது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கமாட்டேன். அனலாக் காலத்தில் எவனாவது செட்டை இடுப்பில் மாட்டி அதன்மேலேயே உட்கார்ந்துவிடுவான். பட்டன் அமுங்கி, சேனலே அடைத்துப்போகும். எவன் என்று தெரியாமல் ஊரையே திட்டுவேன். டிஜிட்டல் வந்த பிறகு பேர் சொல்லித் திட்ட முடிந்தது.

இனி உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. என் அப்பா சங்குகுளி, கடலுக்குள் முங்கிச் சங்கு எடுக்கிறவர். இந்தக் கரையில் முத்துக்கு முங்கிய காலம் தொட்டு ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருப்பான். தன் அக்காவோ தங்கச்சியோ தாலியறுக்க எவன் விடுவான்? அதனால்தான் மச்சான் கையில் கயிறு. இன்று மேலே ஓடும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று போகிறது, முகமூடி இருக்கிறது, ஆனாலும் கயிறு போகவில்லை, மச்சானும் போகவில்லை. என் அப்பாவின் கயிறு என் மாமா கையில் இருந்தது.

கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. மெதுவாக ஓர் இழுப்பு என்றால் நலம். சடசடவென்று மூன்று, கொஞ்சம் இடைவெளி, திரும்ப மூன்று என்றால் மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பாம்பு வந்தாலும் பால் பொங்கினாலும் கதவைக்கூட அந்தத் தாளத்தில்தான் தட்டுவோம். அந்தத் தட்டல் கேட்டால் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவோம்.

அன்று மேற்கேயிருந்து கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. உப்பளங்களிலிருந்து வெள்ளையாக ஒரு தூசி எழும்பி, வெளிச்சத்தையே பால்போலக் கலக்கியிருந்தது. இழுவைப் படகுகள் இரண்டு ஜெட்டியில் அடுத்தடுத்துக் கட்டிக் கிடந்தன. முதல் படகின் அடி விசிறியில் பழைய நைலான் வலை சுற்றிக்கொண்டதால், அதை அறுத்து எடுக்க சூசை முங்கியிருந்தான். சங்குக்கு முங்குகிற குடும்பத்துப் பிள்ளை, துறைமுக ஒப்பந்தத்தில் வேலை. மேலே, அந்தப் படகின் தட்டில் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில், கயிறு பிடித்திருந்தவன் அவன் மனைவி சகாயமேரியின் தம்பி லாரன்ஸ். ஆள் தண்ணீருக்குள் இருக்கும்போது பக்கத்துப் படகு எஞ்சினைத் தொடக்கூடாது. தொட்டால் விசிறி தண்ணீரை உறிஞ்சும், கூடவே ஆளையும். சூசை ஏறிவிட்டான் என்று லாரன்ஸ் செட்டில் சொல்லி, கோபுரத்திலிருந்து நான் அனுமதி கொடுத்தால்தான் அடுத்த படகு எஞ்சினைப் போட முடியும்.

வேலை முடிகிற நேரம். லாரன்ஸ் கூப்பிட்டான்.

“பிலோமியக்கா, முடிஞ்சி. சூசை மச்சான் மேல வாரான். ஏறுனதும் சொல்லுதேன்.”

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு நிலக்கரிக் கப்பல் துறைமுக வாசலுக்கு வந்தது. அதை உள்ளே கொண்டுவர நம் துறைமுகப் பைலட் அதில் ஏறியிருந்தார்; அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். காற்று அவர் நினைத்ததைவிடக் கூடிவிட்டது. கப்பல் பக்கவாட்டில் தள்ளுப்பட்டது. ஏற்கெனவே கப்பலிடம் போயிருந்த ஒரு டக், அதாவது இழுவைப் படகு, போதாது, ஜெட்டியில் கிடக்கிற இரண்டாவது படகும் உடனே வேண்டும் என்றார். அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே நுழைந்துவிட்டால் அவ்வளவு பெரிய கப்பலைத் திருப்ப முடியாது. நுழைவதா திரும்புவதா என்று அவர் உடனே முடிவு செய்தாக வேண்டும்.

“சிக்னல் ஸ்டேஷன், ரெண்டாவது டக் வருதா இல்லியா? யெஸ் ஆர் நோ சொல்லுங்க!”

அதே நேரத்தில் ஜெட்டியில் கிடந்த அந்த இரண்டாவது படகை ஓட்டும் மாஸ்டர் டிஜிட்டல் செட்டில் வந்தார். “எக்கா, சூசை ஏறிட்டானா? எஞ்சினப் போடட்டா?”

நான் வாயைத் திறக்குமுன் ஸ்கிரீனில் முங்குகிறவர்கள் குழுவின் பேர் ஒளிர்ந்தது. லாரன்ஸின் செட். கூடவே ஒரு சத்தம். வார்த்தை இல்லை. கொப்பளிப்பதுபோல் ஏதோ உருண்டது, அறுந்தது.

அன்று முத்துக்குமார் ஏதோ சோதனைக்காக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “டைவிங் டீம்தான் மேடம். ஏறிட்டான்னு சொல்லுதாரு.”

“நீங்க வார்த்தையக் கேட்டீங்களா?”

“கேக்கல. கம்ப்ரஸர் பக்கத்துல நிக்காரு போல, வாய்ஸ் ஒடஞ்சிட்டு. ஆனா அதச் சொல்லத்தான கூப்பிடுதேன்னாரு?”

நியாயமான பேச்சு. எதிர்பார்த்த ஆள், எதிர்பார்த்த நேரத்தில், எதிர்பார்த்த செட்டிலிருந்து கூப்பிடுகிறான். வார்த்தை மட்டும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை நாமே போட்டுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். அந்த நிமிடம் அதைப் போட்டுக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வெளியே ஒரு கப்பல், அதற்குள் இருபது சொச்சம் பேர், காற்றில் சுவரை நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கிறது.

பேர் திரும்பவும் ஒளிர்ந்தது. அணைந்தது. ஒளிர்ந்தது.

“என்ன இவரு விட்டு விட்டு அமுக்குதாரு?” என்றார் முத்துக்குமார். ஸ்கிரீனுக்குக் கிட்டே குனிந்தார். “மேடம், ஒவ்வொண்ணும் பேசுற நீளம்கூட இல்ல. பேசுறதுக்கு அமுக்கலியே இவரு.”

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். சத்தத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்தேன். மூன்று. இடைவெளி. மூன்று. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக, மெதுவாக, எனக்குச் சம்பந்தமில்லாத ஓர் உலகம்போல் நகர்ந்தது. என் இரண்டு உள்ளங்கையிலும் ஒரு கயிறு இழுபடுவதை நிஜமாகவே உணர்ந்தேன்.

மாஸ்டரிடம் சொன்னேன். “எஞ்சினத் தொடாத. சாவிய உருவிக் கையில வச்சுக்கோ. உன் ஆளுவள அந்தப் படகுக்குத் தாண்டச் சொல்லு. சூசை கீழ மாட்டிக்கிட்டான்.”

பிறகு கப்பல் செட்டை எடுத்தேன். “ரெண்டாவது டக் கெடையாது கேப்டன். உள்ள வராதீங்க. திரும்பிருங்க.”

“காரணம்?”

“தண்ணிக்குள்ள ஆள் இருக்கு.”

“உறுதியாத் தெரியுமா?”

“வார்த்தையாக் கேக்கல. ஆனா இருக்கு.”

பதில் சொல்ல அமுக்கிய பட்டனிலிருந்து அவர் விரலை எடுக்க மறந்துவிட்டார். அனலாக் அல்லவா, எல்லாம் வந்தது. அவருடைய மூச்சு, மேல்தட்டில் ஏதோ மணி, காற்று ஊளையிடுவது, யாரோ வேற்று நாட்டுக்காரன் கேள்வி கேட்பது. பிறகு சுக்கானை முழுக்கத் திருப்பச் சொல்லி அவர் கொடுத்த உத்தரவு. அந்த மனிதரை எனக்கு அதற்கு முன் பிடிக்காது. அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை.

கப்பல் திரும்பத் தொடங்கியது. பால் வெளிச்சத்துக்குள் அந்தக் கறுப்பு உடம்பு சத்தமில்லாமல் சுற்றியது. தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப்போல அத்தனை மெதுவாக. நான் ஒரு கண்ணால் அதையும் ஒரு கண்ணால் ஸ்கிரீனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று, மூன்று. பிறகு இரண்டு. பிறகு ஒன்று, ரொம்ப நேரம் கழித்து.

பிறகு பேர் ஒளிரவில்லை.

அந்த அமைதியைப் போல எதுவும் என்னை மிரட்டியதில்லை. அனலாக்காக இருந்திருந்தால் ஓர் இரைச்சலாவது இருந்திருக்கும், அதற்குள் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டியிருக்கலாம். இதில் ஒன்றுமே இல்லை. முத்துக்குமார் மேசையின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் மாதாவைக் கூப்பிட்டேன், அவர் திருச்செந்தூர் முருகனைக் கூப்பிட்டார்.

அப்புறம் மாஸ்டரின் குரல் வந்தது. டிஜிட்டல். என் காதுமடலில் வாய் வைத்துச் சொல்வதுபோல் அவ்வளவு சுத்தமாக. “எக்கா, ஏத்திட்டோம். மூச்சு இருக்கு.”

நடந்தது இதுதான். மேலே வரும்போது அறுத்த வலையின் ஒரு சுருள் சூசையின் காற்றுக்குழாயைச் சுற்றி நெரித்துவிட்டது. கூட உதவிக்கு இருந்தவர், வேலைதான் முடிந்ததே என்று வலைத் துண்டுகளை வண்டியில் ஏற்ற ஜெட்டிக்குப் போயிருந்தார். லாரன்ஸ் கத்தியிருக்கிறான். முதலில் கூப்பிட்டபோதுபோல மைக்கை வாய்க்கிட்டே பிடிக்கக் கை இல்லாததால், கம்ப்ரஸர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. செட்டில் அவசரப் பொத்தான் இருந்தது, ஆனால் அதை விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அவன் இரண்டு கையும் கயிற்றில். இரண்டாவது படகின் ஆட்கள் கத்தியோடு குதித்து வலையை அறுத்து சூசையை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். அந்த எஞ்சின் மட்டும் ஓடியிருந்தால் குதித்தவர்களும் சேர்ந்தே போயிருப்பார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லாரன்ஸைப் பார்த்தேன். தோளில் மாட்டியிருந்த மைக்கின் பட்டனைத் தாடையால் அமுக்கியிருக்கிறான். தாடையில் தோல் உரிந்திருந்தது.

“ஏலே, அந்தத் தாளத்துல அமுக்கணும்னு ஒனக்கு எப்படித் தோணிச்சி? நான் கண்டுபிடிப்பேன்னு நெனச்சியா?”

“நான் ஒண்ணும் நெனைக்கலக்கா. கயித்துல மச்சான் இழுத்தத அப்படியே அமுக்கினேன். அவன் இழுக்க இழுக்க அமுக்கினேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது லாரன்ஸை இல்லை. ஸ்கிரீனில் ஒளிர்ந்து அணைந்தது தண்ணீருக்கடியில் இருந்த சூசையின் கை. அது இரண்டாகி, ஒன்றாகி, நின்றதைத்தான் நாங்கள் மேலே உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

இதைக் கேட்டுவிட்டு, பழைய செட்டுதான் நல்லது என்று இந்த அம்மா முடிக்கப்போகிறாள் என நினைத்தீர்களானால் ஏமாந்தீர்கள். அனலாக்காக இருந்திருந்தால், இரைச்சலுக்குள் சில ‘டிக் டிக்’ கேட்டிருக்கும். எவனோ செட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான் என்று நான் ஊரைத் திட்டியிருப்பேன். பேரைக் காட்டியது டிஜிட்டல். பைலட்டின் மூச்சைக் காட்டியது அனலாக். ஒவ்வொரு செட்டும் உங்களுக்கு எதைக் கொடுக்கிறது என்பதை விற்கிறவனே சொல்லிவிடுவான். எதைக் கொடுக்காமல் விடுகிறது என்பதை நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விட்டுப்போன இடத்தில் உங்கள் அவசரத்துக்கு ஏற்ற வார்த்தையைப் போட்டு நிரப்பாதீர்கள். கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். பைலட்டிடம் அதைச் சொன்னதற்காக அன்று யாரும் என்னை வையவில்லை, வைதிருந்தாலும் பரவாயில்லை.

முத்துக்குமார் அந்த வாரமே முங்குகிறவர்கள் செட்டை மாற்றினார். கம்ப்ரஸரை ஜெட்டிக்கு ஏற்றி, நீளமான குழாய் கொடுத்தார்கள். கயிறு பிடிப்பவருக்குப் பக்கத்திலேயே செட்டை மட்டும் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் நிற்க வேண்டும் என்றானது. இப்போது நீங்கள் பார்க்கிற ஏற்பாடு அதுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வராந்தாவில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது சகாயமேரி வந்தாள். செய்தி கேட்ட இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்தவள், காலில் செருப்பு இல்லை. டாக்டர் எங்கே, புருஷன் எங்கே என்று அலறுவாள் என நினைத்து நான் முன்னால் போனேன். அவள் என்னைத் தாண்டி நேராகத் தம்பி முன்னால் போய் நின்றாள்.

“ஏலே, கயித்த விட்டியா?”

“விடலக்கா.”

அவன் கைகளைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்து கிடந்தன. அவற்றை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, “அவிய எங்கன கெடக்காவ?” என்று கேட்டாள்.